பதினோராம் நம்பர் மலைப் பூ

என்னைப் பூக்காரி என்று யாராவது கூப்பிட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பூ விற்பதில் கேவலம் ஒன்றும் இல்லை. கோயில் வாசலில் உட்கார்ந்து சரம் தொடுக்கிறவர்களின் விரல் வேகம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. ஆனால் நான் செய்வது அது இல்லை. கல்யாண மேடை, ஹோட்டல் வரவேற்பறை, தேவாலயப் பீடம் என்று பதுளையில் எங்கே பூ அலங்காரம் என்றாலும், பதினாறு வருடமாக என்னையும் என் கூட்டாளி றிப்னாவையும்தான் தேடி வருகிறார்கள். ஒரு கிளை எந்தப் பக்கம் சாய வேண்டும், எந்த இடத்தை ஒன்றும் வைக்காமல் சும்மா விட வேண்டும் என்று அரைநாள் நின்று யோசிக்கிற வேலை அது. "சும்மா நிக்கிறதுக்கு இம்புட்டு நேரமா?" என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. சொன்னால் சண்டையாகிவிடும்.

அப்படிக் கேட்டவர்களில் முதல் ஆள் என் அம்மா.

அம்மாவின் பெயர் இராக்கம்மா. லுணுகலைக்கு மேலே சின்னப்பாறைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்தவள். வேலையிலிருந்து நின்று பதின்மூன்று வருடமாகியும் தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு வர மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவளைப் பொறுத்தவரை வேலை என்றால் விடியற்காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். இன்றைக்கு எந்த மலை என்று கங்காணி சொல்ல வேண்டும். முதுகில் கூடை இருக்க வேண்டும். மழை பெய்ய வேண்டும். அட்டை கடிக்க வேண்டும். "பூவத் தட்டுல குத்தி வைக்கிறதெல்லாம் ஒரு வேலையாடி?" போனில் எப்போது பேசினாலும் இந்தக் கேள்வி எப்படியாவது வந்துவிடும். நான் அலங்கரித்த மேடைகளின் படங்களை லயத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். "பொண்ணு நல்லா இருக்கு" என்பாள். பொண்ணை விடு, பின்னால் இருப்பதைப் பார் என்றால், "ஆமா, பூவு" என்பாள். அதோடு சரி.

எனக்கு நாற்பத்தாறு வயது. இந்த வயதில் போய் அம்மா மெச்ச வேண்டும் என்று ஏங்குவது வெட்கக்கேடு. ஏங்கினேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் வேலையின் முன்னால் நின்று இது வேலைதான் என்று அவள் வாயால் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது.

போன பெப்ரவரியில் பதுளையில் ஒரு மலர் அலங்காரப் போட்டி வைத்தார்கள். தலைப்பு 'நாங்கள் வாழும் மலை'. கடையில் வாங்கிய பூ கூடாது. இந்த மலைகளில் தானாகக் கிடைப்பதைக் கொண்டுதான் செய்ய வேண்டும். ஒரு வகைப் பூவாவது கட்டாயம் இருக்க வேண்டும். கொழும்பிலிருந்து நடுவர் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் றிப்னா என்னிடம் கேட்காமலேயே விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிவிட்டாள். அனுப்பிவிட்டு வந்து, "அக்கா, என்ன செய்வம்?" என்றாள்.

எனக்கு யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. "தேயிலைப் பூ" என்றேன்.

தேயிலைக்குப் பூ இருக்கிறதா என்று கேட்டாள். அவள் பதுளை டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். மூன்று பக்கமும் தேயிலை மலை தெரிகிற ஊரில் இருந்துகொண்டு அப்படிக் கேட்டதற்கு அவளைத் திட்டினேன். பிறகு, அவள் மேல் பிழையில்லை என்று பட்டது. ஒழுங்காகக் கொழுந்து எடுக்கிற மலையில் பூவைப் பார்க்க முடியாது. விட்டுவைக்க மாட்டார்கள். பூவும் கொட்டையும் செடியின் சத்தை இழுத்துக்கொள்ளும், கொழுந்து குறையும். அதனால் எங்கள் தோட்டத்தில், கொழுந்து எடுக்கப் போகிற பெண் கண்ணில் பட்ட பூவை அப்படியே கிள்ளி எறிந்துவிட்டுத்தான் போவாள். ஒவ்வொருத்திக்கும் ஒரு நெரை, அதாவது இந்த வரிசை உன்னுடையது என்று பிரித்துக் கொடுப்பார்கள். உன் நெரையில் பூ இருந்தால் நீ செடியைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். தோட்டத்துத் தொரை வந்து பார்த்து, நோட்டில் பேர் எழுதிக்கொண்டு போவார். மறுநாள் பெரட்டில் எல்லோர் முன்னாலும் கங்காணி அந்தப் பேரைக் கூப்பிடுவார். அதைவிட மானக்கேடு அந்தப் பெண்களுக்கு வேறு இல்லை. எங்கள் லயத்தில் யாரும் தேயிலைப் பூவைத் தலையில் வைத்ததில்லை, சாமிக்கும் போட்டதில்லை.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், பதினோராம் நம்பர் மலையில் மழைத்தண்ணீர் ஓடுகிற கான் ஓரமாக ஒரு செடிக்குக் கீழே குனிந்து பார்த்தேன். இலைக்கு அடியில் ஒளிந்துகொண்டு வெள்ளை வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஏழு பூ. தேயிலைப் பூ நிமிர்ந்து பார்க்காது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டே பூக்கும். வெள்ளை இதழ் ஐந்தாறு, நடுவில் மஞ்சள் மகரந்தம் மொத்தையாக இருக்கும். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் வாசனை தெரியும். ஏழையும் பறித்து வந்து, ஒரு ஜேம் போத்தலில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, எங்கள் காம்பராவின் ஒற்றை ஜன்னலில் வைத்தேன். நான் வாழ்க்கையில் செய்த முதல் அலங்காரம் அதுதான்.

அம்மா வேலை விட்டு வந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை.

"எந்த மலையிலடி புடுங்குன?"

"பதினொன்னு."

"என் நெரையா?"

எனக்கு எப்படித் தெரியும்? முதுகில் ஒன்று வைத்தாள். போத்தலைத் தூக்கி, பூவை வாசலில் ஓடிய கானில் கொட்டினாள். மழைத்தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போனது. பிறகு, நம்ப மாட்டீர்கள், அந்தக் குளிரில் திரும்பவும் மலைக்கு ஏறிப் போனாள், தன் நெரையில் வேறு பூ மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க. ஜேம் போத்தலைக் கழுவி உப்புப் போட்டு வைத்துக்கொண்டாள். எனக்கு அன்று முழுவதும் அவள் மேல் கோபம். கொஞ்சம் கோபம் இன்றைக்கும் பாக்கியிருக்கிறது. ஆகவே நான் தேயிலைப் பூவைத் தேர்ந்தெடுத்ததில் கலையும் இருந்தது, வீம்பும் இருந்தது. இப்போது கங்காணியும் இல்லை, நெரையும் இல்லை, வந்து பார் அம்மா, நீ கொட்டிய பூ எவ்வளவு அழகு என்று காட்ட நினைத்தேன்.

போட்டிக்கு முதல் நாள் காலையில் நானும் றிப்னாவும் சின்னப்பாறைக்குப் போனோம். அம்மாவிடம் சொல்லவில்லை. பதினோராம் நம்பர் மலையை எட்டு வருடத்துக்கு முன்பே கைவிட்டுவிட்டார்கள். காவலுக்கு நின்றவரிடம் சொல்லிவிட்டு மேலே ஏறினோம். வழியெல்லாம் மானாப்புல், அட்டை. திருப்பத்தில் நிமிர்ந்து பார்த்த றிப்னா, "அல்லாஹ்!" என்று நின்றுவிட்டாள்.

இடுப்பு உயரத்தில் மேசை மாதிரி மட்டமாக இருந்த செடிகள் எல்லாம் மரமாகிவிட்டன. மலை முழுக்கப் பூ. தேனீக்கள் சத்தம் பெரிதாகக் கேட்டது.

எனக்கு அழுகை வந்தது. பூவுக்காக இல்லை. இந்தத் திருப்பத்தில் நின்றுதான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது "அம்மா!" என்று கத்துவேன். மேலே மலையில் நாற்பது பெண்கள் நிற்பார்கள். முப்பத்தொன்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருத்தி மட்டும் திரும்ப மாட்டாள். கையை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டுவாள். அதுதான் என் அம்மா. அந்தத் தலையாட்டலைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு நடப்பேன். அங்கேயே நின்று இப்போதும் ஒரு தடவை கத்திப் பார்த்தேன். றிப்னா பயந்துபோனாள்.

"ஒன்னுமில்ல, கத்தியை எடு" என்றேன்.

மலைச் செடி எதுவும் நேராக வளராது. ஜூலை, ஓகஸ்ட்டில் அடிக்கிற கச்சான் காற்று எல்லாவற்றையும் ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அப்படிச் சாய்ந்து, பாசி படிந்து, கவ்வாத்து வெட்டிய இடமெல்லாம் முடிச்சு விழுந்த ஒரு பழைய கிளையை எடுத்தேன். அதை நான் நிமிர்த்தவில்லை. கான் ஓரத்தில் கிடந்த கறுப்புத் தட்டைக் கல்லின் மேல், காற்று தள்ளிய அதே சாய்வில் நிறுத்தினேன். இலைகளை முக்கால்வாசி கழித்தேன். அப்போதுதான் தொங்குகிற பூ தெரியும். நுனிகளில் மட்டும் இளம் கொழுந்தை விட்டேன். சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் முழுவதையும் ஒன்றும் வைக்காமல் விட்டேன். அங்கேதான் காற்று நிற்கிறது. தேயிலைப் பூ கொஞ்சம் ஆடினாலும் இதழைக் கொட்டிவிடும் சனியன். அதனால் பூ அரைவாசி மலர்ந்த கிளையாகத்தான் பார்த்து எடுத்திருந்தேன்; சுற்றிலும் ஈரத் துணி கட்டி, வேனில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். நாற்பத்து மூன்று பூ. என் பதினாறு வருட வேலையில் அதுபோல் ஒன்றை நான் செய்ததில்லை. கர்வத்தோடுதான் சொல்கிறேன்.

மறுநாள், நான் போனில் வரச்சொல்லியிருந்தபடி, அம்மா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கூடவே அவளுடைய பழைய சிநேகிதி பெரியாயி அத்தை. இரண்டு பேரும் முப்பது வருடம் பக்கத்துப் பக்கத்து நெரை. பசறை வளைவுகளில் பெரியாயி அத்தை இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தாள். அம்மா நான் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த சேலையை உடுத்தியிருந்தாள்.

மண்டபத்துக்குள் கூட்டிப்போய் எங்கள் மேசைக்கு முன்னால் நிறுத்தினேன்.

அம்மா நெடுநேரம் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள், கிளையைப் பார்த்தாள்.

"பதினோராம் நம்பரு" என்றாள்.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"சாஞ்சிருக்கிறது தெரியலையா. அந்த மலையில நின்னா மனுசனே இப்படித்தான் சாயணும்."

"எப்படி இருக்கு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள், இலக்க அட்டையில் கையெழுத்து வைக்க. பெரியாயி அத்தைக்கு முகம் கழுவ வேண்டும் என்று றிப்னா அவளைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அம்மாவிடம், "இங்கயே நில்லு, யாரையும் தொட விடாத" என்று சொல்லிவிட்டுப் போனேன். யாரையும் என்றால் அம்மாவையும் சேர்த்துத்தான் என்று சொல்லத் தோன்றவில்லை.

அங்கே வரிசை. திரும்பி வரக் கால்மணி நேரமாகிவிட்டது.

தூரத்திலிருந்தே ஏதோ குறைகிறது என்று தெரிந்தது. பக்கத்தில் வந்தேன். கிளை அப்படியே இருந்தது, கல் அப்படியே இருந்தது, கொழுந்து அப்படியே இருந்தது. பூ இல்லை. ஒன்றுகூட இல்லை. மொட்டும் இல்லை. ஒரு இலை கிழியாமல், ஒரு கொழுந்து ஒடியாமல், அவ்வளவு சுத்தமாகக் கிள்ளியிருந்தது. முப்பத்தெட்டு வருடப் பழக்கம் உள்ள விரல்.

"அம்மா!" கத்தியே விட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். "என்ன செஞ்சு வச்சிருக்க? ஒனக்கு என்ன பைத்தியமா?"

அம்மா என்னைவிடக் கோபமாக, குரலை மட்டும் அடக்கிக்கொண்டு பேசினாள். "நீ கத்தாத. அங்க பாரு, நோட்டோட ஒரு நோனா வர்றாங்க. ஒவ்வொரு மேசையா நின்னு எழுதுறாங்க. இது ஒன் நெரைன்னு மேல பேர் வேற போட்டிருக்கு. இம்புட்டுப் பூவோட அவங்க பார்த்தா யார் பேரை எழுதுவாங்க? ஒன் பேரைத்தானே? நாலு பேர் முன்னால ஒன்னைய நிப்பாட்டிக் கேக்கிறதப் பார்க்கவா நான் பஸ் ஏறி வந்தேன்?"

அம்மா சொன்ன பக்கம் திரும்பினேன்; நோட்டோடு நின்ற அந்தப் பெண்மணி கொழும்பிலிருந்து வந்த நடுவர்.

இதற்குள் றிப்னா ஓடி வந்தாள். பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது. ஆனால் அவள் கைதேர்ந்த வேலைக்காரி. ஒரு நொடியில் சமாளித்துக்கொண்டாள். "அக்கா, பூ எங்க? கம்பி இருக்கு, டேப் இருக்கு. பத்து நிமிஷத்துல திருப்பிக் கட்டிருவம். நடுவர் இன்னும் நாலு மேசை தள்ளித்தான் நிக்கிறாங்க."

முடியும். இதைவிட மோசமான நிலையிலிருந்தெல்லாம் நாங்கள் மேடைகளைக் காப்பாற்றியிருக்கிறோம். பூ எங்கே என்று கேட்க அம்மா பக்கம் திரும்பினேன்.

அம்மா மேசையின் ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தாள். தொரை மலைக்கு வரும்போது அவள் இப்படித்தான் நிற்பாள். சுத்தமான நெரையின் தலைமாட்டில், வந்து பார்த்துக்கொள் என்கிற மாதிரி. அந்த நிற்பை நான் சின்ன வயதில் கீழே ரோட்டிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவள் எனக்காக அப்படி நிற்கிறாள். என் மேசையை அவள் மலையாக எடுத்துக்கொண்டாள். பூ குத்தி வைத்த தட்டுக்கு யாரும் அப்படி நிற்க மாட்டார்கள். இப்போது நான் கம்பியை எடுத்தால், அவள் செய்தது பிழை என்று அவள் கண் முன்னாலேயே காட்ட வேண்டும்.

"வேணாம், றிப்னா" என்றேன்.

"அக்கா!"

"வேணாம்னா விடு."

நடுவர் வந்தார். வெள்ளைச் சேலை, மூக்குக்கண்ணாடி, கையில் நோட்டு. குனிந்து பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார். கிளையின் சாய்வில் விரலை ஓட்டினார். பிறகு என்னைப் பார்த்து, பூ எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். தோட்டத்தில் பேசிப் பழகிய அரைகுறைச் சிங்களத்தில், பூ ஒன்றுமே இல்லை நோனா, நன்றாகத் தேடிப் பாருங்கள், இது என் மகளுடைய நெரை என்றாள்.

நடுவர் அம்மாவைப் பார்த்தார். கறை ஏறிய விரல்களைப் பார்த்தார். என்ன விளங்கியதோ தெரியாது. தலையை ஆட்டிவிட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். அம்மா மூச்சை விட்டாள்.

முதல் பரிசு அப்புத்தளையிலிருந்து காட்டு ஓர்க்கிட் கொண்டுவந்தவர்களுக்குப் போனது. எங்கள் இலக்கத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை; பூ இல்லாத பூ அலங்காரத்துக்கு யார் புள்ளி போடுவார்கள்? றிப்னா இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன்.

பின்னேரம் இரண்டு கிழவிகளையும் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். லுணுகலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். பெரியாயி அத்தை புளிப்பு மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு இப்போதே கண்ணை மூடிக்கொண்டாள். நான் கீழே ஜன்னலுக்கு நேரே நின்றேன்.

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பூ. அத்தனையும் இருந்தது. கொஞ்சம் வாடியிருந்தது, இதழ் பாதி உதிர்ந்திருந்தது.

"கையை நீட்டு."

நீட்டினேன்.

"போத்தல்ல தண்ணி ஊத்திப் போட்டு வையி. நெரையில இருந்தாத்தான் குத்தம். வீட்டுல இருந்தா என்ன, இருந்துட்டுப் போகட்டும்."

முடிச்சிலிருந்த பூவை என் கையில் கொட்டினாள்.

"அன்னைக்கி அந்த ஏழு பூவையும் கான்ல கொட்டிட்டேன்" என்றாள் அம்மா. "அது தண்ணியில போறத நீ வாசப்படியில நின்னு பார்த்துக்கிட்டே இருந்த. ஒரு சத்தம் போடல. அடிச்சதுக்குக்கூட அழுகல நீ. மலைக்கிப் போயிட்டு வந்து பார்க்கிறேன், அப்பவும் அதே எடத்துல நிக்கிற. அது எனக்குக் கண்ணுக்குள்ளயே நிக்கிதுடி."

ஏழு என்று சரியாகச் சொன்னாள். முப்பத்தேழு வருடம் கழித்து.

சாரதி ஹோர்ன் அடித்தார். நான் இரண்டு கையிலும் பூவை ஏந்திக்கொண்டு நின்றேன், கண்ணைத் துடைக்கக் கை இல்லை. பஸ் நகர்ந்தது. அம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, மலையில் கூப்பிடுகிற அந்தப் பழைய குரலில் கத்தினாள்.

"ஏன்டி மரம் மாதிரி நிக்கிற? போ, போய் வேலையப் பாரு!"